பட்டுக்கோட்டையார் காதல் பாட்டிலும் கெட்டிக்காரர்
பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்குப் பொதுவுடைமைப் பாட்டுதான் கைவந்தது, காதல் பாட்டு கண்ணதாசனின் ராஜ்ஜியம் என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. 1959-ல் வந்த 'கல்யாண பரிசு' படம் ஒன்றே போதும். பாட்டெல்லாம் இவர்தான், இசை ஏ.எம்.ராஜா. சுசீலா மகிழ்ச்சியாகப் பாடும் தீபாவளிப் பாட்டான 'உன்னைக் கண்டு நான் ஆட', ராஜாவின் சோகக் குரலில் 'நான் வாட' ஆகிறது. 'ஆ'வும் 'வா'வும் ஒரே நெடில் அளவு, அதனால் மெட்டில் எதையும் இழுக்கவோ குறுக்கவோ தேவையில்லை. ஒற்றை எழுத்தில் தீபாவளிக் கொண்டாட்டம் அழுகையாகிவிடுகிறது. சந்தம் கைவசம் இருந்தால்தான் இது முடியும். 'அரசிளங்குமரி' 1961 படமாயிற்றே, அதில் வரும் 'சின்னப்பயலே' எப்படி இவர் பாட்டு என்று கேட்பவர்களுக்கு: பட்டுக்கோட்டையார் இறந்தது 1959 அக்டோபர் 8, வயது 29. எழுதிக் கொடுத்த பாட்டு முன்பே தயார், படம்தான் தாமதமாக வந்தது.