வாக்குப்பதிவு 80 விழுக்காடு, கவுன்சிலர் ஒருவரும் இல்லை

புதுச்சேரியின் ஜனநாயகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே 2021 பிப்ரவரியைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகியதும், மத்திய அரசு நியமித்த மூன்று உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்ற நிலையில் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்ததும் வெட்கக்கேடுதான். ஆனால் அதைவிடப் பழைய நோய் ஒன்று இங்கே இருக்கிறது. அதைப் பற்றி டீக்கடையில்கூட யாரும் கோபப்பட்டு நான் கேட்டதில்லை.

1968க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அப்போது வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அன்றிலிருந்து 5 நகராட்சிகளும் கிராமப்புறங்களுக்கான 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் பொறுப்பில் ஓடுகின்றன. 2021இல் தேர்தல் தேதிவரை அறிவித்தார்கள்; இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அது நீதிமன்றத்துக்குப் போய் நின்றுவிட்டது. இவ்வளவு காலத்தில் ஆட்சிகள் மாறின. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியவில்லை.

இத்தனைக்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண் இந்தியாவோடு சேர்ந்ததில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் வாக்குக்குப் பெரும்பங்கு உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய நகராட்சி உறுப்பினர்களும் சட்டசபை உறுப்பினர்களுமான 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவளித்தார்கள். (பிரெஞ்சுக் காலத் தேர்தல்கள் யோக்கியமானவை என்று சொல்ல வரவில்லை, அடிதடிக்கும் கள்ள ஓட்டுக்கும் பேர்போனவை அவை.)

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். அதாவது ஒரு தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். காதுகுத்து முதல் கருமாதி வரை எம்.எல்.ஏ. நேரில் வந்து நிற்க முடிகிற அளவுதான் அது. காலையில் அவர் வீட்டு வாசலில் பாருங்கள்: பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆதார் ஜெராக்ஸ் பின் செய்த மனுக்கள், நோட்டில் பெயர் எழுதிக்கொள்ளும் உதவியாளர். முதியோர் உதவித்தொகையும் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டையும் மட்டுமல்ல, அடைத்துக்கொண்ட சைடு வாய்க்காலும் அங்கேதான் வந்து சேர்கிறது. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும், நாளைக்கு அவரே போட்டியாகவும் நிற்பார். அப்படியிருக்க, அந்தத் தேர்தலை எந்த எம்.எல்.ஏ. விரும்புவார்?

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களின் கணக்கு அல்ல, நம்முடைய பழக்கம். சட்டமன்றத் தேர்தலில் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்களிக்கும் ஊர், உரிமையாகக் கேட்க வேண்டியதை "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்கப் பழகியிருக்கிறது. வாய்க்கால் தூர்வாரினால் நன்றி தெரிவித்து நாமே பேனர் கட்டுகிறோம். செலவானது நம் வரிப்பணம். ஒரு தலைமுறை வார்டு கூட்டம் என்ற ஒன்றைப் பார்க்காமலே வாக்காளர் ஆகிவிட்டது.

கவுன்சிலர் வந்தால் கமிஷனுக்கு இன்னொரு கை நீளும் என்கிறார்கள். நீளலாம். ஆனால் அந்தக் கைக்குரியவர் நம் தெருவிலேயே குடியிருப்பார், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே தெருவில் ஓட்டுக் கேட்டு வர வேண்டியிருக்கும். இன்றைய நகராட்சி ஆணையர் மாற்றலாகிப் போனால் யாரிடம் போய்க் கேட்பது?