சிங்கப்பூர் பிரேதப் பரிசோதனை: வாட்ஸ்அப் கதை பொய்

"கோவிட் உடலை முதலில் அறுத்துப் பார்த்தது சிங்கப்பூர், அது வைரஸே இல்லை, கதிர்வீச்சு பட்ட பாக்டீரியா, ஆஸ்பிரின் போதும்." மாமா, சித்தி என்று குடும்பக் குழுக்களில் கைமாறும் இந்தச் செய்தியைச் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2021 ஜூனிலேயே மறுத்துவிட்டது. முன்பு இதே கதை இத்தாலி, ரஷ்யா பெயரில் வந்தது. ஊர் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியானது, அதனால் பாக்டீரியா என்ற பேச்சுக்கே இடமில்லை. நோய் முற்றியவர்களுக்கு ரத்தம் உறைவதுண்டு, அது உண்மை. பொய் தொற்றிக்கொண்டது அந்த உண்மையில்தான். ஆனால் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனையில் இருந்த சுமார் 15,000 பேரிடம் சோதித்தும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் மரணத்தைக் குறைக்கவில்லை.

அதுவும் இது டெங்கி உள்ள ஊர். காய்ச்சல் டெங்கியாக இருந்தால் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். பனடால் (பாராசிட்டமால்) போடுங்கள், அப்புறம் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள்.