'லோ' போட்டால் குதிரைத்திறன் கூடுமா?

மலேசியாவின் நிபோங் திபால் பக்கம் தோட்டக்காரர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. பழைய மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரில் சின்ன லிவரை 'லோ'வுக்குத் தள்ளினால் இன்ஜின் சக்தி நாலு மடங்காகுமாம், நாலு மடங்கு செம்பனைக் குலை இழுக்கலாமாம். தவறு.

நாலு என்ற எண் மட்டும் சரி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு தனித் தொகுதி இருக்கிறது: நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், வெளியே அசையாத வளையம். சின்னச் சக்கரங்கள் வளையத்தின் உட்பற்களில் உருண்டு ஊரும். அவற்றைத் தாங்கும் சட்டம்தான் பின்சக்கரங்களைச் சுற்றவைக்கிறது. நடுச்சக்கரம் 4 சுற்று சுற்றினால் சட்டம் 1 சுற்றுதான். 'ஹை'யில் இந்தக் கூட்டத்துக்கே வேலை இல்லை, நேரடி இணைப்பு. ஒவ்வொரு கியருக்கும் 'லோ', 'ஹை' என இரண்டு நிலை; இப்படித்தான் முன்னோக்கி ஓட்டும் 3 கியர் 6 ஆகிறது.

ஆக, 'லோ'வில் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, ஏறக்குறைய 4 மடங்கு, வேகம் கால் பங்கு. சக்தி கூடாது, உராய்வில் கொஞ்சம் குறையவே செய்யும். மழைக்குப் பிறகு சேற்றில் டயர் வழுக்கினால் அந்த விசையும் வீண்தான்.

உண்மையான லாபம் வேறு இடத்தில். புல்வெட்டி போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டுதான் பி.டி.ஓ. இன்ஜின் வேகத்தில் ஓடும் அதை இந்த லிவர் தொடாது. வண்டி ஆமை போல ஊர, புல்வெட்டி முழு வேகத்தில் சுற்றும்.

அப்புறம், வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்துத்தான் லிவரை மாற்ற வேண்டும். காணொளிக்காரர் ஓட்டத்திலேயே தள்ளுகிறார். பல் கடகடப்பது நன்றாகவே கேட்கிறது.