நாற்காலி போட மட்டும் இளைஞர்களா?

ஊர்க் கூட்டத்தில் ஓர் இளம்பெண் கணக்குக் கேட்ட காணொளியை நேற்றே எல்லோரும் பகிர்ந்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. மேடைக்குப் பின்னால் 'இளைஞர் பங்கேற்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்று கேட்ட பெண்ணிடம், "முதலில் படிப்பை முடியம்மா" என்று சிரித்தார்களே, அந்தச் சிரிப்புதான் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டது கணக்கு, கிடைத்தது அறிவுரை.

முடிவெடுப்பதில் பங்கு கொடுங்கள். இல்லையென்றால் அதைப் பங்கேற்பு என்று சொல்லாதீர்கள். ஆய்வாளர் ராஜர் ஹார்ட் 1992-இல் ஐ.நா.வின் சிறுவர் அமைப்பான யுனிசெஃபுக்காக எழுதியபோது, சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். ஆட்டுவித்தல், அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல் என்ற கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். நம் கூட்டங்கள் அலங்காரப் படியில் காலை நீட்டி அமர்ந்திருக்கின்றன.

நானும் ஒரு காலத்தில் 'இளைஞர் பிரதிநிதி'தான். நாற்காலி போட்டேன், ஒலிபெருக்கி கட்டினேன். நிகழ்ச்சி நிரலை மட்டும் முன்கூட்டியே யாரும் காட்டியதில்லை. மழைநீர் தேங்கும் தெருக்களை வரைபடமாக்கிக் கொண்டுபோனபோது "அருமை தம்பி" என்று முதுகில் தட்டினார்கள். கூட்டக் குறிப்பில் வரைபடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 'இளைஞர்கள் நன்றி தெரிவித்தனர்' என்று இருந்தது. நான் நன்றி சொல்லவே இல்லை ஐயா!

"அனுபவம் வேண்டாமா?" என்று கேட்கப் போகிறீர்கள். வேண்டும். வாசலில் நிறுத்தி வைத்தால் அது எப்படி வரும்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களே வாக்களித்துத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றது. பூங்காச் சீரமைப்பு, நடைபாதை, பள்ளிகளுக்கு மடிக்கணினி என்று தேர்ந்தெடுத்தார்கள். நகரம் ஒன்றும் கடலில் மூழ்கிவிடவில்லை.

"கூப்பிட்டாலும் வருவதில்லை" என்பவர்களுக்கு: வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பாதியில் விலகிப் போகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. பெரியவர்களிலும் உண்டு. "இவன் எந்தக் கட்சி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

வெள்ளம் வந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் மூட்டை சுமக்க வேண்டும், நள்ளிரவில் இரத்தம் கொடுக்க வேண்டும். அப்போதெல்லாம் யாரும் வயதைக் கேட்பதில்லை. வரவுசெலவுப் புத்தகத்தைத் தொட்டால் மட்டும் எங்கிருந்தோ பிறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வந்துவிடுகிறது. சுமப்பதற்குப் போதுமான வயது, கேட்பதற்குப் போதாதாம். பிறகு 'இந்தத் தலைமுறைக்கு ஊர்ப்பற்று இல்லை' என்று நீங்களே பதிவும் போடுவீர்கள். அதற்கு நூறு பேர் விருப்பக்குறி இடுவீர்கள்.

ஆலோசனையை ஏற்க வேண்டும் என்று கூடச் சொல்லவில்லை. நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் வாக்குரிமை கொடுங்கள், சிறிய தொகையாவது இளைஞர்கள் பொறுப்பில் விடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் 'இளைஞர்களை ஊக்குவித்து'ப் பேசும்படி எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அவர்களுக்கு அங்கே வாக்குரிமை உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பேச்சாளருக்குப் பொன்னாடை உண்டு என்று பதில் வந்தது.