கழுத்துப் பட்டியை ஏன் கிராஸாக வெட்ட வேண்டும்

கண்டாங்கிப் புடவைக்கு ரவிக்கை தைப்பவர்களுக்காக ஒருவர், கழுத்துப் பட்டியை (கழுத்து ஓரத்தில் வைத்துத் தைத்து உள்ளே மடிக்கும் துணிப் பட்டை) நேராகவே வெட்டலாம், அயர்ன் செய்தால் படிந்துவிடும் என்கிறார். மன்னிக்கவும், வட்டக் கழுத்தில் அப்படிப் படியாது. பட்டியை உள்ளே மடிக்கும்போது அதன் ஓரம் தையலைவிடப் பெரிய வட்டத்தில் உட்கார வேண்டும். அதற்கு ஓரம் நீண்டு கொடுக்கணும். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) எந்தப் பக்கம் நேராக வெட்டினாலும் நெய்த பருத்தி அவ்வளவு நீளாது. கழுத்து சுருங்கி நிற்கும். கனத்த துணியில் இன்னும் மோசம். 45 டிகிரி கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய பட்டிதான் வளையும்.

நீங்களே பார்க்கலாம்: பருத்திக் கைக்குட்டையை ஓரத்தோடு இழுங்கள், பிறகு மூலைக்கு மூலை இழுங்கள். எது நீள்கிறது என்று கையிலேயே தெரியும். வெட்டுமுன் துண்டுத் துணியில் ஒரு வளைவு தைத்து, நேராக வெட்டியது, கிராஸில் வெட்டியது என இரண்டு பட்டியையும் வைத்துப் பாருங்கள்.