மயக்க மருந்து மேல பழி போடறதுக்கு முன்னாடி

பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவருக்கு சளி கட்டுனாலோ நெஞ்சுப் புண்ணு ஆறாம இழுத்தாலோ நம்ம பக்கம் மொதல்ல வர்ற பேச்சு, "மயக்க மருந்து ஓவராக் குடுத்துட்டாங்க, அதான் எதிர்ப்பு சக்தி போயிருச்சு"ங்கறதுதான். நான் கோயமுத்தூர்ல அனஸ்தீசியா டெக்னீசியனுங்க, தியேட்டருக்குள்ளயே இருக்கறவன், இதக் கேக்கறப்பெல்லாம் மனசுக்கு சங்கடமா இருக்குது.

சம்பந்தமே இல்லைன்னு சொல்ல வரல. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன்னு கேஸ்லயும் மயக்கம் குடுக்கலாம், நரம்பு வழியா புரோபோஃபால் ஓட்டியும் குடுக்கலாம், ரெண்டும் வெள்ளணுக்கள் மேல வேற வேற மாதிரி வேலை செய்யுதுன்னு லேப்ல பார்த்திருக்காங்க. மார்ஃபின் வகை வலி மருந்துகளும் சில அணுக்களோட வேகத்தக் குறைக்கும்.

ஆனா பெரிய அடி அதுல இல்லீங்க. ஹார்ட்ட நிறுத்தறதுக்காக ஹார்ட்-லங் மிஷின்ல போடறப்ப மொத்த ரத்தமும் பிளாஸ்டிக் டியூப் வழியா வெளிய போய் ஆக்சிஜன் ஏறித் திரும்ப வருது, அந்த டியூப்பத் தொட்டதுமே ரத்தத்துல இருக்கற காவல் அணுக்கள் எதிரி வந்துட்டான்னு கிளம்பிருது, ஐஎல்-6 மாதிரி உள்வீக்கத்தக் கிளப்பற சமாச்சாரமெல்லாம் சில மணி நேரத்துல எகிறுது, பொறவு உடம்பே அதுக்கு பிரேக் போடுது, லிம்ஃபோசைட்ங்கற ஒரு வகை வெள்ளணுவோட எண்ணிக்கை குறையுது, சில நாளைக்கு எதிர்ப்பு சக்தி மந்தமா இருக்கும். எந்த மயக்க மருந்து குடுத்தாலும் இது நடக்கும்.

2019ல மிரியாட்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பைபாஸ் பண்ணுன 5,400 பேர்ல பாதிப் பேருக்கு கேஸ், மீதிப் பேருக்கு நரம்பு வழி மருந்து. ஒரு வருசத்துல இறந்தவங்க கேஸ்ல 2.8 சதவீதம், இன்னொண்ணுல 3.0, பெரிய வித்தியாசம் இல்ல. உள்வீக்கத்த அடக்குனா சரியாயிரும்னு ஸ்டீராய்டும் குடுத்துப் பார்த்தாங்க, 2015ல வந்த, 7,500 பேருக்கு மேல சேர்த்துப் பண்ணுன ஆய்வுல சாவு குறையவே இல்ல.

அதனால கேஸா ஊசியாங்கறத அனஸ்தீசியா டாக்டர்கிட்ட விட்டுருங்க, ஹார்ட் எவ்வளவு பம்ப் பண்ணுது, கிட்னி எப்படி இருக்குதுன்னு பார்த்து அவரு முடிவு பண்ணுவாரு. நம்ம கையில இருக்கறது வேறங்க. சுகர் கட்டுக்குள்ள இருக்கோணும். பீடிய முன்னாடியே நிறுத்தோணும். செக்கப்புல "பீடி, சிகரெட் உண்டுங்களா அய்யா?"ன்னு கேட்டா "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சுங்க"ம்பாரு, பின்னாடி நிக்கற அம்மா தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிட்டு நிப்பாங்க. அம்மா, வாயத் தொறந்து சொல்லிருங்க, அவர யாரும் திட்ட மாட்டாங்க, நுரையீரலுக்கு என்ன ஏற்பாடு பண்ணோணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்க.

அப்பறம் ஒறம்பரைக் கூட்டம். "பாக்கப் போகலீன்னா நாளைக்கு சொல்லிக் காட்டுவாங்க"ன்னு வேன் புடிச்சு வர்றது, இருமிக்கிட்டே கட்டில்ல உக்காந்து கையப் புடிச்சுக்கறது. பாசந்தான், எனக்குப் புரியுது. ஆனா எதிர்ப்பு சக்தி மந்தமா இருக்கற நாளுங்க அது, மொதல் ரெண்டு மூணு வாரம் போன்ல விசாரிச்சாப் போதும். வீட்டுல இருக்கறவங்க தைரியமா "இப்ப வேண்டாங்க மாமா, பொறவு வாங்க"ன்னு சொல்லோணும்.

நெஞ்சுப் புண்ணுல நீர் வடிஞ்சாலோ, எலும்பு கடக் கடக்னு அசையற மாதிரி இருந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ பக்கத்துக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டுட்டு நாள் தள்ளாதீங்க, ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க.