நடுத்தடம் பற்றி ஒரு திருத்தம்

"பத்தமடை, வீரவநல்லூர் வழியா அம்பாசமுத்திரம் போற ரோட்டுல நடுவுல திரும்புற தடம் போட்டா நேருக்கு நேர் மோதல்தான் கூடும், அமெரிக்காவிலேயே தோத்துப்போன திட்டம்" என்று மேலே ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

அவர் சொல்வது வேறொரு வகைச் சாலை. முன்பு அமெரிக்காவில் மூன்று தடச் சாலைகளில் நடுத்தடத்தை இரு திசை வண்டிகளும் முந்துவதற்குப் பயன்படுத்தின. அது உண்மையிலேயே ஆபத்தானது. இரு திசைக்கும் பொதுவாக நடுவே போடும் திரும்பும் தடத்தில் முந்தவே கூடாது. ஓரத்துக் கடைக்கோ சந்துக்கோ திரும்புகிறவர் அதில் ஒதுங்கி நின்று, எதிரே வழி கிடைத்ததும் திரும்புவார். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் அது இடப்பக்கத் திருப்பம், நமக்கு வலப்பக்கம்.

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை நான்கு மாநிலங்களின் இரு தடச் சாலைகளை ஆராய்ந்ததில், இந்தத் தடம் போட்ட பிறகு மொத்த விபத்துகள் ஏறத்தாழ 20 சதவீதமும், பின்னால் வந்து மோதுவது ஏறத்தாழ 39 சதவீதமும் குறைந்தன. கிராமப்புறத்தில் பலன் இன்னும் அதிகம். காரணம் எளிது: திரும்பக் காத்து நிற்கும் பைக்கின் முதுகில் பஸ் வந்து இடிப்பதற்கு இடமில்லாமல் போகிறது.

ஆனால் ஒன்று. திரும்பும் வழிகளே அதிகம் இல்லாத வயல்காட்டு நீளத்தில் இதனால் பெரிய லாபமில்லை. அப்புறம், சாலையோரத்தைச் சுரண்டி இந்தத் தடத்துக்கு இடம் எடுத்தால் நடந்து போகிற பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும் வண்டிகளுக்கு நடுவே தள்ளப்படுவார்கள். எதிர்க்க வேண்டுமென்றால் அதைச் சொல்லி எதிர்க்கலாம், அண்ணாச்சி.